டி.டி.கே. பற்றி என் தம்பி மகனிடம் சொல்லாமல் விட்டது

போன தீபாவளிக்குத் தம்பி குடும்பத்தோடு பாளையங்கோட்டை வந்திருந்தான். அவன் மகன் பெங்களூரில் ஒரு பெரிய கம்பெனியில் துணைத் தலைவர். வயது 44. மதியச் சாப்பாடு முடிந்து எல்லாரும் முன்னறையில் சாய்ந்திருந்த நேரத்தில், "பெரியப்பா, வேலையை விட்டுட்டு அரசியலுக்குப் போகலாம்னு இருக்கேன்" என்றான். ஒரு கட்சியில் பேசியும் விட்டானாம். அவன் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டாள். தம்பி பேப்பரை மடித்து மடித்து உள்ளங்கை அளவுக்குச் சுருக்கிக்கொண்டிருந்தான்.

"அரசாங்கத்தை ஒரு கம்பெனி மாதிரி நடத்தினா போதும் பெரியப்பா. டார்கெட், ரிவ்யூ, யார் பொறுப்புன்னு தெளிவு. அவ்வளவுதான். இன்ஃபோசிஸ் நந்தன் நிலேகணி செய்யலையா?"

எனக்கு அப்போது வாயில் ஒன்றும் வரவில்லை. அவன் ஊருக்குப் போன பிறகு இரண்டு வாரமாக மனசுக்குள்ளேயே அவனோடு பேசிக்கொண்டிருந்தேன். அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

எனக்கு அரசியல் அனுபவம் கிடையாது. 33 வருடம் சோப்பும் பற்பசையும் விற்றவன். 1978-இல் ரெப், அதாவது விற்பனைப் பிரதிநிதி வேலையில் சேர்ந்தேன், 2011-இல் ஏரியா மேனேஜராக ஓய்வு பெற்றேன். திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் லைன் முழுக்க என் காலில் இருந்தது. ஆனால் எங்கள் தொழிலிலிருந்து, அதாவது கடை கடையாகச் சரக்கு கொண்டு சேர்க்கிற தொழிலிலிருந்து கிளம்பிப் போய், டெல்லியில் இரண்டு முறை நிதியமைச்சராக உட்கார்ந்த ஒருவரைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும். அவர் டி.டி.கே. என்கிற டி.டி. கிருஷ்ணமாச்சாரி. எனக்கு ஏழு வயதாகும்போது அவர்தான் எங்கள் திருச்செந்தூர் தொகுதி எம்.பி.

அந்த 1962 தேர்தலை அப்பா அடிக்கடி சொல்வார். திருச்செந்தூரில் எங்களுக்குச் சின்ன மளிகைக்கடை. ஓட்டுப் போடப் போன இடத்தில் சட்டமன்றத்துக்கு மட்டும் சீட்டுக் கொடுத்தார்களாம். "எம்.பி. சீட்டு எங்கய்யா?" என்று கேட்டதற்கு, "அதுக்கு ஆளே நிக்கல அண்ணாச்சி, டி.டி.கே. ஜெயிச்சாச்சு" என்று பதில். போட்டியின்றித் தேர்வாகியிருந்தார். அப்பாவுக்கு அது கடைசிவரை ஒரு குறைதான். "நான் அவருக்குத்தான் போட்டிருப்பேன். ஆனா என்கிட்ட கேட்டிருக்கணும்ல" என்பார்.

டி.டி.கே. பிறந்தது 1899-இல். மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் படித்துவிட்டு, 1928-இல் சென்னையில் டி.டி. கிருஷ்ணமாச்சாரி அண்ட் கோ என்று ஏஜென்சி தொடங்கினார். வெளிநாட்டுச் சரக்கை வரவழைத்துத் தென்னிந்தியாவில் விற்றுக் கொடுக்கும் வேலை. லீவர் சோப்பு அதில் முக்கியமானது. இன்றைக்கு இதைக் கேட்டால் பெரிய விஷயமாகத் தோன்றாது. 1928-இல் ஒரு சோப்புக் கட்டி திருச்செந்தூர்க் கடை வரைக்கும் வந்து சேர வேண்டுமென்றால் எத்தனை கை மாற வேண்டும், எத்தனை பேருக்குக் கடன் கொடுக்க வேண்டும், எத்தனை பேரிடம் நடையாய் நடந்து வசூல் பண்ண வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருந்தவர்களுக்குத்தான் புரியும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு ஸ்டாக்கிஸ்ட் அண்ணாச்சி இருந்தார், கம்பெனிச் சரக்கை மொத்தமாக எடுத்துக் கடைகளுக்குக் கொடுப்பவர், எழுபது வயது தாண்டியவர். என் ஆர்டர் புக்கை வாங்கிப் புரட்டிப் பார்த்துவிட்டு, "டி.டி.கே. கம்பெனி ஆளு எங்க அப்பாகிட்ட ஆர்டர் எடுக்க வருவாரு தம்பி. சரக்கு தேங்கி நின்னா அதுக்கும் ஒரு வழி சொல்லிட்டுப் போவாரு. நீ ஆர்டர் மட்டும் எடுக்க" என்றார். அதற்கப்புறம் நான் எந்தக் கடைக்குப் போனாலும் முதலில் அலமாரியைத்தான் பார்ப்பேன்.

1937-இல் மெட்ராஸ் சட்டமன்றத்துக்குச் சுயேச்சையாகத் தேர்வாகி, பிறகு காங்கிரஸுக்கு வந்தார். வியாபாரத்தை மகன் டி.டி. நரசிம்மன் கையில் கொடுத்துவிட்டார். அரசியல் நிர்ணய சபையில் உறுப்பினர், அரசியல் சட்ட வரைவுக் குழுவிலும் இருந்தார். 1948 நவம்பர் 5-ஆம் தேதி அவர் அங்கே பேசிய பேச்சை எங்கள் ஆட்கள் எல்லாரும் படிக்க வேண்டும் என்று நான் நினைப்பதுண்டு. வரைவுக் குழுவில் ஏழு பேர் போடப்பட்டார்கள். ஒருவர் விலகிவிட்டார், ஒருவர் இறந்துவிட்டார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், வேறு சிலருக்கு வேறு வேலை, உடல்நிலை. கடைசியில் முழுச் சுமையும் அம்பேத்கர் தோளில்தான் விழுந்தது, அவருக்கு நாம் கடமைப்பட்டிருக்கிறோம் என்று சபையிலேயே எடுத்துச் சொன்னார். அதே பேச்சில் இந்தித் திணிப்பைப் பற்றியும் எச்சரித்தார். முழு இந்தியா வேண்டுமா, இந்தி இந்தியா வேண்டுமா என்பதை உத்தரப் பிரதேச நண்பர்கள்தான் முடிவு செய்ய வேண்டும் என்றார். முதல் விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடித்தது. யார் வேலை செய்தார்கள் என்று பேர் சொல்லிச் சொல்வது. கம்பெனிகளில் அது அவ்வளவு சுலபமாக நடந்து நான் பார்த்ததில்லை.

1952-இல் நேரு அவரை வர்த்தக, தொழில் அமைச்சராக்கினார். தம்பி மகனிடம் நான் முதலில் சொல்ல நினைத்த விஷயம் இங்கேதான் வருகிறது.

அந்தப் பத்தாண்டில் நாட்டில் அந்நியச் செலாவணி பற்றாக்குறை. இருக்கிற டாலரையும் பவுண்டையும் இயந்திரத்துக்கும் உருக்காலைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும், முகப்பூச்சுக்கும் பேனாவுக்கும் செலவழிக்க முடியாது. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு மேல் கட்டுப்பாடு வந்தது. நுகர்பொருள் இறக்குமதி ஏறக்குறைய நின்றே போனது. வெளிநாட்டுச் சரக்கை வரவழைத்து விற்கும் ஏஜென்சிக்கு அதன் அர்த்தம் என்ன? கடை இருக்கிறது, ஆள் இருக்கிறார்கள், லைன் இருக்கிறது, விற்கச் சரக்கு இல்லை. சென்னையில் டி.டி.கே. நிறுவனமே அப்படித்தான் ஆட்டம் கண்டது. அப்பா உட்கார்ந்திருந்த அமைச்சகத்தின் கொள்கை, மகன் நடத்திய கடையைக் கவிழ்த்தது.

அந்தக் குடும்பம் அதிலிருந்து மீண்ட கதை நம் எல்லார் அடுக்களையிலும் இருக்கிறது. வாங்கி விற்க முடியாது என்றான பிறகு உற்பத்தியில் இறங்கினார்கள். 1959-இல் பெங்களூரில் பிரஸ்டீஜ் குக்கர் செய்ய ஆரம்பித்தார்கள். என் மனைவி கல்யாணச் சீராகக் கொண்டுவந்த குக்கர் அதுதான், கைப்பிடியை மட்டும் இரண்டு தடவை மாற்றியிருக்கிறோம். அது விசில் அடிக்கும்போதெல்லாம் இந்த இறக்குமதித் தடை எனக்கு ஞாபகம் வரும்.

இதை நான் சாதாரணமாக நினைக்கவில்லை. ஒரு கம்பெனியில் எடுக்கும் முடிவுக்கு ஒரே ஒரு அளவுகோல்தான்: கம்பெனிக்கு நல்லதா? அதே ஆள் அரசு நாற்காலியில் உட்கார்ந்ததும், தன்னை வளர்த்த கம்பெனிக்குக் கெடுதல் என்று தெரிந்தே ஒன்றைச் செய்ய வேண்டி வரும். நீ ரிவ்யூ மீட்டிங் எவ்வளவு நன்றாக நடத்துவாய் என்பது அன்றைக்கு உதவாது மகனே. உன்னிடம் உன் கம்பெனியின் பங்குகள் இருக்கின்றன. உன்னோடு வேலை பார்த்தவர்கள் நாளைக்கு உன் அறை வாசலில் வந்து நிற்பார்கள். நல்ல மனிதர்களாகத்தான் இருப்பார்கள், கேட்பதும் நியாயமாகத்தான் இருக்கும்.

சரி, 1956-க்கு வருகிறேன். அந்த வருடம் நிதியமைச்சர் ஆனார். அப்பாவைப் பொறுத்தவரை டி.டி.கே. என்றால் நயா பைசா. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு 16 அணா போய் 100 நயா பைசா வந்தது. சட்டம் முந்தைய நிதியமைச்சர் தேஷ்முக் காலத்திலேயே, 1955-இல் வந்துவிட்டது. ஆனால் காசு கைக்கு வந்தபோது நிதியமைச்சர் இவர், ஆகவே புகாரும் இவர் பேரில். கடையில் அப்பா ஒரு பட்டியலை ஒட்டி வைத்திருந்தாராம். ஓரணாவுக்கு 6 நயா பைசா, இரண்டணாவுக்கு 12, மூன்றணாவுக்கு 19, நாலணாவுக்கு 25. ஓரணாச் சாமானை நான்கு தடவை தனித்தனியாக வாங்கினால் 24, ஒரே தடவையில் நாலணாவுக்கு வாங்கினால் 25. இந்த ஒரு பைசாவுக்காகக் கடைவாசலில் நடந்த சண்டைகளை அப்பா நடித்தே காட்டுவார். "ஒரு கணக்கு டெல்லியில சரியா இருந்தா போதாது, கல்லாவுலயும் சரியா இருக்கணும். இது அந்த மனுசனுக்குத் தெரியாம இருக்காது" என்பார். கடைக்காரர்களின் கஷ்டம் தெரிந்த ஒருவர் மேலே இருக்கிறார் என்று அவருக்கு ஒரு நம்பிக்கை.

1957 மே மாத பட்ஜெட்டில் செல்வ வரியும் செலவு வரியும் கொண்டுவந்தார். கேம்பிரிட்ஜ் பொருளாதார நிபுணர் கால்டோரின் யோசனை அது. வியாபாரத்திலிருந்து வந்தவர், வசதி படைத்தவர்கள் மேல் போட்ட வரி. பணக்காரர்கள் பகைத்துக்கொண்டார்கள், பங்குச் சந்தை சரிந்தது.

அதற்கு அடுத்த மாதம்தான் அந்த விவகாரம். ஆயுள் காப்பீட்டுக் கழகம் (எல்.ஐ.சி.) அப்போது பிறந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. 245 தனியார் நிறுவனங்களையும் சங்கங்களையும் சேர்த்து 1956-இல் அரசே உருவாக்கியது. அப்பாவின் 2000 ரூபாய் பாலிசியும் அப்படித்தான் அரசு கைக்குப் போனது. 1957 ஜூனில் அந்தக் கழகம், ஹரிதாஸ் முந்த்ரா என்ற கல்கத்தா தொழிலதிபரின் ஆறு கம்பெனிகளில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியது. முந்த்ரா ஏற்கெனவே சிக்கலில் இருந்தவர். முதலீட்டுக் குழுவைக் கேட்கவே இல்லை. டிசம்பரில் நாடாளுமன்றத்தில் இதைக் கிளப்பியவர் எதிர்க்கட்சிக்காரர்கூட இல்லை. காங்கிரஸ் உறுப்பினர், நேருவின் மருமகன் ஃபெரோஸ் காந்தி.

பம்பாய் உயர் நீதிமன்றத் தலைமை நீதிபதி எம்.சி. சாக்ளா ஒருநபர் ஆணையமாக விசாரித்தார். விசாரணை திறந்த மன்றத்தில் நடந்தது. உள்ளே இடமில்லாமல் கூட்டம் வெளியே நின்றது, அவர்களுக்காக ஒலிபெருக்கி வைத்தார்கள். நிதித்துறைச் செயலாளர் எச்.எம். படேல், அமைச்சருக்குத் தெரிந்துதான் செய்தோம் என்றார். டி.டி.கே., தான் ஒப்புதல் தரவில்லை என்றார். 24 நாளில் விசாரணை முடிந்தது. செயலாளர் செய்ததற்கு அமைச்சர்தான் அரசியல் சட்டப்படி பொறுப்பு, செயலாளர் பின்னால் ஒளிந்துகொள்ள முடியாது என்று சாக்ளா எழுதினார். 1958 பிப்ரவரியில் டி.டி.கே. பதவி விலகினார். அந்த மாதக் கடைசியில் பட்ஜெட்டை நேருவே படிக்க வேண்டி வந்தது. அந்தப் படேல் 1977-இல் மொரார்ஜி அமைச்சரவையில் நிதியமைச்சராகவே ஆனார் என்பது பலருக்கு மறந்துபோன விஷயம்.

இந்த விசாரணையைப் பற்றிப் படிக்கும்போது எனக்கு 1994 மார்ச் ஞாபகம் வந்துவிடும். போன வாரம் வரை யாரிடமும் சொன்னதில்லை. வருடக் கடைசி, என் ஏரியாவில் டார்கெட் கொஞ்சம் குறைந்து நின்றது. கோவில்பட்டிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்த ரெப், 24 வயதுப் பையன், எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டான். "சார், ஸ்டாக்கிஸ்ட் இன்னொரு லோடு இறக்கச் சொல்றாரு. பழைய பாக்கியே லிமிட்டைத் தாண்டி நிக்குது. என்ன சார் செய்ய?" என்று கேட்டான். "பார்த்துப் பண்ணுப்பா" என்றேன். எங்கள் தொழிலில் மார்ச் மாதம் மேனேஜர் "பார்த்துப் பண்ணு" என்று சொன்னால் "பண்ணு" என்று அர்த்தம். அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஜூனில் அந்த ஸ்டாக்கிஸ்ட் கடையைப் பூட்டிவிட்டார். 3 லட்சத்து 40 ஆயிரம் நின்றுபோனது. தலைமை அலுவலகத்திலிருந்து வந்து விசாரித்தார்கள். படிவத்தில் கையெழுத்து அவனுடையது. "சார் சொன்னாங்க" என்றான். என்னைக் கேட்டார்கள். "கவனமாப் பார்க்கச் சொன்னேன்" என்றேன். அவனை வேலையை விட்டு அனுப்பினார்கள். எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம், அதோடு சரி. இரண்டு வருடத்தில் பதவி உயர்வும் வந்தது.

கம்பெனியில் இப்படி நடக்கும், யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். வாய்ச்சொல்லில்தான் பாதி வேலை ஓடுகிறது. நஷ்டம் வந்தால் முதலாளியுடைய பணம், அவர் தாங்கிக்கொள்வார் அல்லது கீழே ஒருவர் தலையில் விழும். டெல்லியில் 1958-இல் அப்படி விடவில்லை. அது திருச்செந்தூர் மளிகைக்கடைக்காரரின் 2000 ரூபாய் பாலிசிப் பணம். அதனால் ஒரு நீதிபதி உட்கார்ந்து, "நான் சொல்லவில்லை" என்ற பதில் ஓர் அமைச்சருக்குப் போதாது என்று எழுதினார். எனக்கு டி.டி.கே. மேல் மரியாதை உண்டு, இன்றும் உண்டு. ஆனால் சாக்ளா எழுதியது சரி என்று நான் முழு மனதோடு நம்புகிறேன். என்னை விசாரித்த அறையில் அப்படி ஒருவர் இருந்திருந்தால் அந்தப் பையன் வேலையில் இருந்திருப்பான்.

நாலே வருடத்தில் அவர் திரும்பி வந்தார், எங்கள் ஊர் வழியாக. 1962-இல் மறுபடி அமைச்சர். 1963-இல், மூத்த தலைவர்கள் பதவியை விட்டுக் கட்சி வேலைக்குப் போக வேண்டும் என்ற காமராஜர் திட்டத்தின்படி மொரார்ஜி தேசாய் வெளியேறியதும் மறுபடி நிதி. இந்த இரண்டாவது முறையில் செய்ததுதான் எனக்கு உயர்வாகத் தெரிகிறது. 1964-இல் யூனிட் டிரஸ்ட், அதே வருடம் தொழில் வளர்ச்சி வங்கி. யூனிட் டிரஸ்ட்டில் ஒரு யூனிட் 10 ரூபாய். பங்குச் சந்தையின் வாசலைக்கூடப் பார்த்திராத ஆட்கள் பத்து பத்தாகப் போட்டு நாட்டின் தொழில்களில் கொஞ்சம் பங்கு வைத்துக்கொள்ளலாம். சில்லறை வியாபாரம் தெரிந்தவருடைய மூளைக்குத்தான் இது எட்டும் என்று நினைக்கிறேன். ஒரு பெரிய ஆளிடம் போய் ஒரு கோடி கேட்பதைவிட ஒரு லட்சம் கடைகளில் நூறு நூறாக விற்பது நிற்கும். அப்பா 50 யூனிட் வாங்கினார். அக்கா கல்யாணத்துக்கு அது உதவியது.

1965-இல் மறுபடி புகார். இந்தத் தடவை குடும்ப நிறுவனங்களைப் பற்றி. பிரதமர் லால் பகதூர் சாஸ்திரி அதை வேறொருவர் பார்க்கட்டும் என்று நினைத்தார். தன்மேல் நம்பிக்கையில்லை என்றாகிவிட்டது என்று சொல்லி, டிசம்பர் 31 அன்று டி.டி.கே. விலகிவிட்டார். பத்துப் பன்னிரண்டு நாளில் தாஷ்கண்டில் சாஸ்திரியும் இறந்துவிட்டார். வியாபாரத்தை மகனிடம் கொடுத்துவிட்டு வந்து பல வருடம் ஆகியும் அந்தப் பேச்சு அவரை விடவில்லை. அவர் 1974-இல் காலமானார். சென்னையில் மவ்பரீஸ் சாலைக்கு இன்று அவர் பெயர்.

நிலேகணியைப் பற்றிக் கேட்டாயே, அவர் 2009-இல் இன்ஃபோசிஸை விட்டு வந்து ஆதார் வேலையைப் பொறுப்பேற்றார், செய்து முடித்தார். 2014-இல் பெங்களூர் தெற்கில் நின்று 2 லட்சத்து 28 ஆயிரம் ஓட்டில் தோற்றார். நியமனத்தில் வந்தபோது நடந்தது ஒன்று, ஓட்டுக் கேட்டு நின்றபோது நடந்தது வேறு. நீ இருக்கிற ஊர்தான், அங்கேயே விசாரித்துப் பார்.

இதையெல்லாம் போன ஞாயிற்றுக்கிழமை போனில் அவனிடம் சொன்னேன். முக்கால் மணி நேரம் ஆனது. நடுவில் ஒரு தடவைகூடக் குறுக்கே பேசவில்லை. "அப்ப வேண்டாங்கிறீங்களா பெரியப்பா?" என்றான். "போ, நல்லாப் போ. ஆனா அந்தப் பங்கையெல்லாம் வித்துட்டுப் போ. அப்புறம் யாருகிட்டயும் பார்த்துப் பண்ணுன்னு சொல்லாத. வேணும்னா வேணும்னு எழுதிக் கையெழுத்துப் போடு, வேண்டாம்னா வேண்டாம்னு எழுதிப் போடு" என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. அப்புறம் கேட்டான்: "அந்தப் பையன் இப்ப எங்க இருக்கான்?"

கோவில்பட்டியில் பேருந்து நிலையம் பக்கத்தில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கிறான். 2015-இல் ஒரு கல்யாணத்துக்குப் போனபோது பார்த்தேன். நாற்காலி போட்டு உட்கார வைத்து, டீ வாங்கிக் கொடுத்து, பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சொன்னான். அந்த விஷயத்தை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. பஸ் வந்துவிட்டது என்று கிளம்பிவிட்டேன்.

பொங்கலுக்குத் தம்பி மகன் வருகிறான். இரண்டு பேரும் கோவில்பட்டி போவதாக இருக்கிறோம்.